மலை வீட்டில் பாட்காஸ்ட்: இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் கெயினைப் பாருங்கள்

குன்னூரில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் என்னிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, வீட்லயே பாட்காஸ்ட் பண்ணலாம்னு இருக்கேன், எந்த இன்டர்ஃபேஸ் வாங்கட்டும்?" படுகு மொழியில் பாட்டி சொன்ன கதைகளைப் பதிய நினைப்பவர்களும் கேட்கிறார்கள், பச்சைத் தேயிலை விலையைப் பேச நினைப்பவர்களும் கேட்கிறார்கள். எந்த மைக், எத்தனை பேர் பேசப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸைச் சொல்ல முடியாது.

மைக் விஷயத்தில் நம் ஊர் ஈரத்தை மறக்கக் கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலேயே தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகுதான் பெருமழை. மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால், பேச்சின் நடுவே படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். அதோடு தகரக் கூரை மழை, பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வரும். அதனால் இங்கே பெரும்பாலும், ஈரத்தைத் தாங்கி, பக்கத்தில் பேசும் குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் வகை மைக்கையே சொல்கிறேன்.

ஆனால் டைனமிக் மைக் தரும் சிக்னல் மிகச் சிறியது. அதைத் தூக்கிவிட இன்டர்ஃபேஸில் உள்ள ப்ரீஆம்ப் என்ற பெருக்கிக்கு வலு வேண்டும். அந்த வலுதான் கெயின். பலரும் ஆசைப்படும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை தருவது 56, நான்காம் தலைமுறை 69. பெயர் ஒன்றுதான், ஆனால் பழைய ஸ்டாக் தள்ளுபடியில் வரும்போது இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. கெயின் போதாவிட்டால் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டும், அப்போது குரலோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும்.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதைக் காட்ட, 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். பேச்சுக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

இரண்டு பேர் பேசினால் இரண்டு மைக் இன்புட் கட்டாயம். "இரண்டு இன்புட்" என்று எழுதியிருந்தாலும் அதில் ஒன்று கிடாருக்கானதாக இருக்கலாம். மைக் கேபிளின் மூன்று பின் முனை செருகும் எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணிப் பாருங்கள். லேப்டாப் வழியாக விருந்தினரை அழைத்துப் பேசுவதாக இருந்தால், லேப்டாப்பில் வரும் அவர் குரலையும் சேர்த்துப் பதியும் லூப்பேக் வசதி உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் பாதி நேரம் இன்வெர்ட்டர்தான், அதிலும் மலிவான ஸ்கொயர் வேவ் வகை என்றால் பதிவில் ஒரு ரீங்காரம் நிற்கும். எர்த் சரியில்லாத பழைய வீடுகளிலும் இதே கதைதான். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் வாங்கி, சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப் பேட்டரியில் பதிந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரீங்காரம் போகட்டும் என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

இன்டர்ஃபேஸ் வந்து சேர்ந்த அன்றே உங்கள் மைக்கைச் செருகி, வழக்கமான குரலில் பேசிப் பதியுங்கள். பிறகு வாயை மூடி அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சல் தெரிந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.