முதலில் இன்ஜினைச் சுற்றாதீர்கள்: பழைய ஃபார்முலா காரை மறுபடி ஓட வைக்கும்போது

பல வருடமாக மூலையில் நின்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஒரு பேட்டரியை மாட்டி, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பார்கள். ஆகிவிட்டால் அன்று சாயங்காலமே யாராவது சீட்டில் உட்கார்ந்துவிடுவார். இன்ஜின் ஓடுகிறது என்பதற்காக கார் ஓடத் தயார் என்று ஆகிவிடாது. நின்ற காரில் ஆளைக் கொல்லக்கூடிய பாகங்கள் ஸ்டீயரிங், பிரேக், சக்கரம், பெட்ரோல் குழாய் ஆகிய நான்கு இடங்களில்தான் இருக்கின்றன. வெளியே பார்க்க அவை நன்றாகவே இருக்கும். அதனால் இன்ஜின் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஃபார்முலா ஃபோர்டு வகைக்குப் பொருந்தும். 1967-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த வகையின் பழைய கார்கள் உலகம் முழுக்க ஏராளம். இரும்புக் குழாய்ச் சட்டகம், 1,599 சி.சி. ஃபோர்டு கென்ட் இன்ஜின், ஹ்யூலேண்ட் கியர்பாக்ஸ் என்பது இதன் வழக்கமான அமைப்பு. அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்த மோனோகாக் கார்களுக்கு வரும் தொல்லைகளையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

கழற்றத் தொடங்கும் முன் காரை இருக்கிற நிலையிலேயே அளந்து வையுங்கள். ரோஸ் ஜாயிண்ட் (சஸ்பென்ஷன் கம்பிகளின் முனையில் இருக்கும் உருண்டை இணைப்பு) ஒவ்வொன்றிலும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிக் குறித்துவிட்டுத்தான் திருக வேண்டும். எந்த இடத்தில் எத்தனை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), எந்தப் பக்கம் எந்த வாஷர் என்பதைப் படம் எடுத்து, பையில் போட்டு, சீட்டு ஒட்டுங்கள். இந்தக் கார்களுக்கு முழுமையான பட்டறைக் கையேடு கிடைப்பது அபூர்வம். கழற்றும் கார்தான் கையேடு. உடைந்த பழைய பாகத்தைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். புதியது செய்ய அளவு எடுக்கவும், பின்னால் சரித்திரக் கார் பந்தயத்துக்கான எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) தொழில்நுட்பப் பாஸ்போர்ட் எடுக்கும்போது காரின் பூர்வீகத்தைக் காட்டவும் அது வேண்டியிருக்கும்.

சட்டகத்துக்கு வருவோம். குழாய்ச் சுவரின் தடிமன் பல இடங்களில் 1.2 மி.மீ. அளவுதான். பெயிண்டை எடுக்க முரட்டு மணல் வீசினால் இருக்கிற இரும்பும் போய்விடும். கெமிக்கல் ஸ்ட்ரிப்பரோ மென்மையான துகள் வீச்சோ போதும். துரு வெளியே தெரியும் இடத்தைவிட உள்ளிருந்து தின்னும் இடம்தான் மோசம். சீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் கீழ்க்குழாய், பேட்டரி இருந்த மூலை, ரிவெட் அடித்த தரைத்தகடு குழாயோடு சேரும் கோடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். சில கார்களில் ரேடியேட்டர் தண்ணீரும் ஆயிலும் சட்டகக் குழாய் வழியாகவே போகும். அந்தக் குழாய்களை அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளக்காமல் நம்பக் கூடாது. கருவி இல்லாவிட்டால் கூர் முனையுள்ள இரும்பு பஞ்ச் கருவியை வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். மெலிந்த இடத்தில் முனை இறங்கும், சத்தமும் மாறும்.

இங்கேதான் நல்ல வெல்டர்கூடக் காரைக் கெடுக்கிறார். அந்தக் காலச் சட்டகங்கள் பலவற்றில் குழாய் இணைப்பு வெண்கலக் கம்பியால் பிரேஸிங் (குழாயை உருக்காமல் வெண்கலத்தை மட்டும் உருக்கி ஒட்டுவது) செய்யப்பட்டது. விரிசல் விட்ட பிரேஸிங் இணைப்பின் மேல் அப்படியே டிக் வெல்டிங் (இரும்பையே உருக்கி இணைக்கும் மின்வெல்டிங்) அடித்தால், உருகிய செம்பு சூடான இரும்பின் மணிகளுக்கு இடையே ஊடுருவி உள்ளுக்குள் விரிசலை உண்டாக்கும். மேலே வெல்டிங் அழகாகப் படிந்திருக்கும், உள்ளே இரும்பு பிளந்திருக்கும். பிரேஸிங்கால் செய்ததைப் பிரேஸிங்காலேயே சரி செய்யுங்கள். குழாய் மோசமாக இருந்தால் வெண்கலம் படாத இடம்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள். மஞ்சள் நிறம் ஒரு பொட்டுத் தெரிந்தாலும் டிக் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மோனோகாக் என்றால் கதை வேறு. இரும்புத் தடுப்புத்தகடும் அலுமினியத் தோலும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ரிவெட் தலையைச் சுற்றிச் சாம்பல் கறை தெரிந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று பொருள்.

சஸ்பென்ஷனில் பயப்பட வேண்டிய பாகம் முன் ஸ்டப் ஆக்ஸில், அதாவது முன்சக்கரம் சுழலும் குட்டை அச்சு. 1960, 70-களின் சிறிய ஃபார்முலா கார்கள் பலவற்றில் முன் அப்ரைட் (அந்த அச்சைத் தாங்கும் செங்குத்துப் பாகம்) டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களிலிருந்து வந்தது. சாலைக் காரின் குறுகிய டயருக்கு வடிவமைத்த அச்சின் மேல் பந்தய டயரின் பக்கவிசை ஏறுவதால் அது களைப்படைந்து ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் தனியாகப் போகும். எனவே ஸ்டப் ஆக்ஸிலை ஆயுள் குறித்து மாற்றும் பாகமாகவே நடத்த வேண்டும். சரித்திரம் தெரியாத காரில் வந்தது என்றால் சோதனைகூட வேண்டாம், புதிது போடுங்கள். கீழே பித்தளை ட்ரன்னியன் (அப்ரைட் திரும்புவதற்கான மரை இணைப்பு) உள்ள வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். பல பேர் கிரீஸ் அடித்து வைத்திருப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, அங்கே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து அப்ரைட் மரைப் பகுதியிலேயே ஒடியும்.

விஷ்போன் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் V வடிவக் கை), ஸ்டீயரிங் ஆர்ம், பெடல், ரேடியஸ் ராடு என எல்லா இரும்புப் பாகங்களையும் பெயிண்ட் நீக்கி, விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புங்கள். குரோம் பூசிய பழைய விஷ்போன் பார்க்க லட்சணமாக இருக்கும். அந்தப் பூச்சு விரிசலை மறைப்பதோடு, பூசும்போது உறுதியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். உயர் வலிமை எஃகுப் பாகத்துக்கு மறுபடி முலாம் போடத்தான் வேண்டும் என்றால், முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 முதல் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இதைக் கேட்டால் விழிக்கிற முலாம் கடைக்கு ஸ்டீயரிங் பாகத்தைக் கொடுக்காதீர்கள். முலாமே போடாமல் மெல்லிய பெயிண்டோடு விடுவதுதான் எங்கள் விருப்பம். விரிசல் வந்தால் பெயிண்டின் மேல் கோடு தெரியும்.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. இவை பெரும்பாலும் அங்குல அளவு யு.என்.எஃப். மரை, மெட்ரிக் போல்ட் ஏறுகிறதே என்று முறுக்கினால் மரை போய்விடும். வெட்டுவிசை வரும் இடத்தில் போல்ட்டின் மரையில்லாத உடல்தான் தாங்க வேண்டும், மரை அல்ல. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) ஒரு முறை கழற்றினால் குப்பைக்கு. எக்ஸாஸ்ட் பக்கத்தில் நைலான் உருகிவிடும், அங்கே முழு உலோக லாக் நட் போடுங்கள்.

மெக்னீசியம் தனி அத்தியாயம். ஃபார்முலா ஃபோர்டு விதிப்படி இரும்புச் சக்கரம்தான். ஆனால் ஃபார்முலா 3, ஃபார்முலா 2 கார்களில் சக்கரமும் அப்ரைட்டும் மெக்னீசியமாக இருக்கும், ஹ்யூலேண்ட் கியர்பாக்ஸ் உறையும் அப்படித்தான். இந்த உலோகம் வெறும் ஈரக் காற்றிலேயே அரிக்கும். இரும்பு போல்ட் தொடும் இடத்தில் இன்னும் வேகமாக. சக்கரத்தின் பழைய பெயிண்டை அமிலமோ மணலோ இல்லாமல் நீக்கி, டை பெனட்ரன்ட் சோதனை (விரிசலுக்குள் சிவப்புச் சாயத்தை ஊடுருவ விட்டுப் பார்ப்பது) செய்யுங்கள். போல்ட் துளை விளிம்பு, ஆரக்கால் அடி, டயர் உட்காரும் உள்விளிம்பு ஆகிய இடங்களில் சிவப்புக் கோடு கசிந்தால் அந்தச் சக்கரம் சுவரில் மாட்டத்தான். வெல்டிங் அடித்து ஓட்ட வேண்டாம். சுத்தமான உலோகத்தின் மேல் பழைய காலக் குரோமேட் பூச்சு போட வேண்டுமென்றால் உரிய பட்டறையில்தான் செய்ய வேண்டும், ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். இன்னொன்று: மெக்னீசியத்தைக் கடைந்தாலும் தேய்த்தாலும் உதிரும் சீவல் தீப்பிடிக்கும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ சீறிப் பெருகும். கையெட்டும் தூரத்தில் காய்ந்த மணலோ உலோகத் தீக்கான டி வகை அணைப்பானோ இருக்கட்டும்.

அடுத்தது ரப்பர். எஃகு வலை பின்னிய ஹோஸ் வெளியே புதிது போலப் பளபளக்கும். கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். உள் ரப்பர் வெடித்துத் துண்டு துண்டாகத் தொங்கும். அந்தத் துண்டு பிரேக் லைனில் ஒருவழி வால்வு போல வேலை செய்யும்: மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஆயில் லைனில் உள்தோல் மடங்கினால் பம்புக்கு ஆயில் வராது. ஹோஸ் எதையும் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மொத்தமும் மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று பாருங்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரமுக்கும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுக்கும் அதே கேள்வி.

பெட்ரோல் பைக்குள் (பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் பை) இருக்கும் மஞ்சள் நுரையைக் கிள்ளிப் பாருங்கள். பழையது விரலில் பிசுபிசுத்துப் பொடியாகும். அந்தப் பொடிதான் ஃபில்டரையும் ஜெட்டையும் அடைத்து, நேர்ச்சாலையில் இன்ஜினை பெட்ரோல் குறைந்த கலவையில் ஓட வைத்து பிஸ்டனை உருக்கும். எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3 தரப் பைக்குத் தயாரித்த தேதியிலிருந்து 5 வருட ஆயுள். தயாரித்தவரே சோதித்துச் சான்று கொடுத்தால் இன்னும் 2 வருடம். அதற்கு மேல் பந்தயத்துக்கு இல்லை.

பிரேக் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்து, துளையில் குழிவு இருந்தால் மாற்றுங்கள் அல்லது ஸ்லீவ் போடுங்கள். புது சீல் குழிவின் மேல் ஒரு வாரம்கூடத் தாங்காது. திரவத்தில் பெயர்க் குழப்பம் உண்டு: டாட் 5 சிலிக்கான், டாட் 5.1 கிளைகால். டாட் 4 இருக்கும் இடத்தில் சிலிக்கானைக் கலக்கவே கூடாது. முன், பின் சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கும் பேலன்ஸ் பார் துருவால் இறுகியிருந்தால், முன், பின் பிரேக்குக்கு விசை சரியாகப் பிரியாது. பெடலை முழுதாக மிதித்து அது தாராளமாகச் சாய்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்புப் பொருள்களில் பேசவே எதுவும் இல்லை. பெல்ட்டின் லேபிளில் தேதி போயிருந்தால் பெல்ட்டும் போயிற்று. பழைய தீயணைப்பானில் ஹேலான் என்ற வாயு இருக்கலாம். வளர்ந்த நாடுகளில் 1994-இலிருந்து அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு இன்று அங்கீகாரம் உள்ள அமைப்பை வையுங்கள். பழைய பிரேக் பேட், கிளட்ச், எக்ஸாஸ்ட் துணி, கேஸ்கெட் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

கியர்பாக்ஸ் ஹ்யூலேண்ட் மார்க் 8 அல்லது 9 என்றால் வேலை இன்பமானது. வோக்ஸ்வாகன் பீட்டிலின் உறையைத் தலைகீழாக்கி உருவாக்கியது, பின்மூடியைத் திறந்தால் கியர்கள் கைக்கு வந்துவிடும். கியரைக் கோத்துப் பிடிக்கும் டாக் பற்களின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால் கியர் தானாகக் குதித்து வெளியே வரும். கியர் ஜோடிகளை மாற்றிக் கலக்காதீர்கள்.

கடைசியாக இன்ஜின். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் ஆயில் கொஞ்சம் விட்டு, ஓரிரு நாள் ஊற வைத்து, கிராங்க் முனை போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாதீர்கள். ஒட்டிய ரிங் உடையும். சுற்றியதும் லீக் டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 20-ஐத் தாண்டினால் பிரிக்க வேண்டியதுதான். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிரித்தால் டாப்பெட்டுகளை (கேம் தள்ளும் சிறு உருளைகள்) வந்த துளைக்கே திரும்பப் போடுங்கள், ஒவ்வொன்றும் தன் கேம் முனையோடு தேய்ந்து பழகியிருக்கும். சாதாரண ஹெட் போல்ட்டுகளுக்கு 88 முதல் 95 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல கட்டமாக.

ட்ரை சம்ப் காரில் (இன்ஜின் அடியில் அல்லாமல் தனித் தொட்டியில் ஆயில் வைக்கும் அமைப்பு) நின்ற காலத்தில் தொட்டி ஆயில் மெல்ல இறங்கி சம்ப்பில் நிறைந்திருக்கும். அளவுகோலில் குறைகிறது என்று மேலே ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பொங்கி வெளியே வரும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஃபில்டரையும் லைனையும் நிரப்பி, பிரஷர் கேஜ் இணைப்பு வழியே அழுத்தத்தில் ஆயில் செலுத்துங்கள். பிறகு பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, கேஜ் முள் எழுந்த பின்புதான் பிளக்கை மாட்ட வேண்டும். கென்ட் இன்ஜினில் டாப்பெட் தட்டையானது. இன்றைய சாலைக் கார் ஆயில்களில் துத்தநாக பாஸ்பரஸ் சேர்மானம் குறைவு, அது கேமைத் தின்றுவிடும். பழைய இன்ஜினுக்கென்று விற்கும் 20டபிள்யூ-50 ஆயில் போடுங்கள். வெடிக்கும் வரிசை 1-2-4-3. ஒயர் மாறினால் கார்புரேட்டர் வழியே தீ வரும்.

புது கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆன உடனே 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம், ஐடிலில் விடாமல். இந்தக் கார்களில் ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. நிற்கும்போது குளிர்விக்க எதுவும் இல்லை. ரேடியேட்டருக்கு எதிரே பெரிய ஃபேன் ஒன்றை வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். இது இல்லாமல் ஹெட் வளைந்த இன்ஜின்கள் ஏராளம்.

டிராக்கில் முதல் ஓட்டம் புது டயரோடு இருக்கட்டும். பழைய டயரில் ரப்பர் நிறைய இருக்கும், பிடிப்பு இருக்காது. எல்லா நட்டிலும் பெயிண்ட் கோடு போட்டு, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் டிஸ்கைத் தொடாமல் கை காட்டிச் சூடு பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் காலிப்பர் ஒட்டுகிறது. இன்னும் சில சுற்று வேகம் கூட்டி ஓட்டிவிட்டு ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்து, காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டுவது கேம், டாப்பெட், கிராங்க் தேய்மானம். ஒட்டாமல் சாம்பலாக மினுங்குவது பேரிங் உலோகம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல் அடுக்கு போயே போய்விட்டது, அந்த இன்ஜினை இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யாமல் பிரித்துவிடுங்கள்.