தீயில் வெந்த துப்பாக்கியைக் காட்சிக்குத் தயார் செய்வது

1841 அக்டோபர் 30 அன்று இரவு லண்டன் டவர் கோட்டையின் பெரிய ஆயுதக் கிடங்கு எரிந்துபோனது. மிஞ்சிய கருகல் துண்டுகளைச் சனங்கள் நினைவுப் பொருளாகக் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு வீடு எரிந்தால், சாம்பலுக்குள்ளிருந்து தாத்தாவின் வின்செஸ்டர் ரைஃபிளோ ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியோ வெளியே வருவது சகஜம். அதைப் பழையபடி ஆக்க முடியுமா என்றால், பார்வைக்கு முடியும். சுடுவதற்கு, கிடையவே கிடையாது.

காரணம் எஃகின் உள்ளே இருக்கிறது. ஸ்பிரிங் போன்ற பாகங்களைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கித்தான் அந்த விறைப்பைக் கொண்டுவருகிறார்கள். வீட்டுத் தீ 600 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் இந்த வேலை மொத்தமும் அழிந்துபோகும். ஸ்பிரிங்கை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். பல இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையை ஈயப்பற்று வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், அது 200 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வெளியே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, ஆபத்தே அதுதான். எனவே இதை இனிச் சுடவே கூடாது. சுத்தம் செய்யக் கை வைப்பதற்கு முன்பும், உள்ளே தோட்டா எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, இனி துரு. கரியைவிடக் கெட்டது பிளாஸ்டிக் புகை. பிவிசி குழாயும் வயர் உறையும் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது தீயணைப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்பின் மேல் ஒரே ராத்திரியில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்துவிடும். உடனே எண்ணெய் பூசுவது கொஞ்ச நாளைக்குத் தாங்கும், ஆனால் குளோரைடு அடியிலேயே இருக்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி துளிர்க்கும்.

அதனால் முதலில் அந்தக் குளோரைடு உப்பை எடுக்க வேண்டும். மரக்கட்டையைக் கழற்றி, எண்ணெய்ப் பசையையும் கரியையும் போக்கிவிட்டு, இரும்புப் பாகங்களைச் சலவைச் சோடா கலந்த காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காரநீரில் இரும்பு துருப்பிடிக்காது, குளோரைடு மட்டும் மெல்லக் கசியும். எடுத்த நீரில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு, அப்புறம் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போலக் கலங்கும், கலங்காத நாள்தான் நிறுத்தும் நாள்.

அப்புறம் வருவது எனக்குப் பிடித்த கட்டம். சிவப்புத் துரு படிந்த பாகத்தைக் காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால், துரு கருத்து, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். மென்மையான கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் தளர்ந்தது உதிரும், இறுகியது கருநிறப் பூச்சாக நிற்கும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர்கள் குழலுக்குக் கருநீல மெருகு கொடுத்ததும் இந்த வழியில்தான், அவர்கள் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். சூட்டில் படிந்த கெட்டியான கருஞ்செதில் இதற்கு மசியாது, அதைச் சும்மா விடுங்கள். உப்புத்தாள் போட்டு ராவுகிறவர்கள் முத்திரையையும் வரிசை எண்ணையும் சேர்த்து ராவிவிடுகிறார்கள். அந்த எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றமும்கூட.

குழிகளில் தங்கிய துருவுக்கு டானிக் அமிலம் தடவுவார்கள், இரும்போடு சேர்ந்து அது கறுப்பாகிவிடும். டானின் உள்ள கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் கலந்து நம்மவர்கள் மை காய்ச்சிய அதே வேதியியல்.

கருகிய கட்டையைச் சுரண்டிப் புதிதாக்க வேண்டாம் என்பது என் கட்சி. அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 பிசினை ஊறவிட்டால் கரி உதிராமல் நிற்கும், தீப்பட்ட கதையும் தெரியும். இரும்புக்குக் கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். பெட்டியை மட்டும் ஓக் மரத்தில் செய்யாதீர்கள், அந்த மரம் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவியே போதும், மூடிய பெட்டிக்குள் இரும்பு மறுபடி துருப்பிடிக்க.