வாயை மூடினாலும் தப்பாத மட்டி

போலந்தின் வார்சா நகரக் குடிநீர் நிலையத்தில் எட்டு மட்டிகள், அதாவது இரட்டை ஓடுள்ள சிப்பி வகைப் பிராணிகள், வேலை பார்க்கின்றன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விஸ்துலா ஆற்றுத் தண்ணீர் ஓடும் தொட்டியில் அவற்றை வைத்து, ஓட்டில் சென்சாரை இணைத்திருக்கிறார்கள். தண்ணீரில் நச்சு கலந்தால் மட்டி சட்டென்று ஓட்டை மூடிக்கொள்ளும், பல மட்டிகள் ஒரே நேரத்தில் மூடினால் கணினி அலாரம் அடிக்கும்.

சரி, இவ்வளவு உஷாரான பிராணி ஆற்றில் வரும் காட்மியம், செம்பு மாதிரியான கனஉலோகத்திடம் ஏன் மாட்டிக்கொள்கிறது? ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற கழிவு என்றால் மூடிக்கொண்டு சமாளித்துவிடும். சன்னமாக, வருஷக்கணக்கில் கசிந்தால் என்ன செய்யும்? அதற்குச் சோறும் மூச்சும் செவுள் வழியாகத்தான், திறந்தே ஆக வேண்டும்.

பிரான்சின் லாட் ஆற்றில் நடந்தது இதுதான். தெகாஸ்வில் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து துத்தநாகம் உருக்கினார்கள். துத்தநாகத் தாதுவோடு காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஒட்டிக்கொண்டே வரும். மலைபோல் குவித்த கசடு மழையில் கரைந்து ஆற்றில் இறங்கியது. ஆய்வாளர்கள் வேறிடத்து மட்டிகளைக் கூண்டில் போட்டு அந்த ஆற்றில் இறக்கிப் பார்த்தபோது, அவற்றின் உடம்பில் காட்மியம் ஏறிக்கொண்டே போனது. சில நூறு கிலோமீட்டர் கீழே, ஜிரோந்த் கழிமுகத்துச் சிப்பிகளைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே தடை போட வேண்டியதாயிற்று.

காட்மியம் உள்ளே நுழைவது ஆள்மாறாட்டம் செய்துதான். அதன் அயனி (மின்னூட்டமுள்ள அணு) மின்னூட்டத்தில் கால்சியம் அயனியைப் போலவே, பருமனிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஓடு கட்டக் கால்சியம் வேண்டுமே என்று செவுள் வைத்திருக்கும் வாசலில் இதுவும் புகுந்துவிடும். மட்டி சும்மா இருப்பதில்லை, கந்தகம் நிறைந்த மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதத்தைச் சுரந்து காட்மியத்தைக் கட்டிப்போடும். ஆனால் கட்டிப்போட்டது லேசில் வெளியேறாது, புரதம் செய்யும் செலவும் வளர்ச்சிக்கான சத்திலிருந்துதான் போகிறது.

குஞ்சுகள் பாடு இன்னும் மோசம். பல நன்னீர் மட்டிகளின் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இராது. குட்டி ஓடுகளால் மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொண்டுதான் அடுத்த கட்டத்துக்கு வளரும். இவற்றுக்குச் செம்பு ஆகவே ஆகாது. நம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் சிறு பங்கே பல இன இளம்புழுக்களைக் கொன்றுவிடும். ஆய்வகத்தில் இவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கத் துளி உப்புக் கரைசல் விடுவார்கள். உயிருள்ளவை டப்பென்று மூடிக்கொள்ளும். செம்புத் தண்ணீரில் செத்தவை திறந்த வாயோடு அப்படியே கிடக்கும்.