தேவாலய வளாகத்துப் போர் நினைவுச் சிலுவை: கை வைக்கும் முன் யாரிடம் கேட்க வேண்டும்?

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பஸ்பிரிட்ஜ் என்றொரு கிராமம். அங்குள்ள புனித யோவான் தேவாலய வளாகத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட ஊர்க்காரர்களுக்காக 1922-இல் திறந்து வைத்தது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்தவர்.

இப்படிப்பட்ட சிலுவைகளை வெறும் கல்லாகப் பார்க்க என்னால் முடியவில்லை. போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-இலேயே தடை வந்துவிட்டது. பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் கூலிக்காரர் மகனானாலும் விழுந்த நாட்டிலேயே அடக்கம். பல பேருக்கு அந்தக் குழியும் இல்லை. பிரான்ஸின் தீப்வால் நினைவகத்தில் மட்டும் உடல் கிடைக்காத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. மகனைப் பறிகொடுத்த தாய் பூ வைக்க ஊரில் இருந்த ஒரே இடம் இந்தச் சிலுவையடிதான்.

இவற்றைக் காக்கும் ஏற்பாடுதான் இங்கிலாந்தின் தேசிய பாரம்பரியப் பட்டியல். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கும். பண்பாட்டுத் துறை அமைச்சர் முடிவெடுப்பார். கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என மூன்று தரங்கள். பட்டியலில் உள்ளவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கிரேடு 2. பஸ்பிரிட்ஜ் சிலுவை அதற்கு ஒரு படி மேல், கிரேடு 2 ஸ்டார். போரின் நூற்றாண்டையொட்டி 2,500 நினைவுச்சின்னங்களைச் சேர்ப்பது என்று இலக்கு வைத்து ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வேலை செய்தது. விடுபட்டதை யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், இடத்தின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அங்கே குடியேறிய நம்மவர்களும் தங்கள் ஊர்ச் சிலுவைக்காக விண்ணப்பிக்கலாம்.

சரி, பட்டியலில் வந்துவிட்டது. அப்புறம் என்ன? பலரும் குழம்புவது இங்கேதான். வளாகம் சர்ச் ஆஃப் இங்கிலாந்தைச் சேர்ந்ததாக இருந்தால், அதில் மாற்றம் செய்யத் திருச்சபையின் அனுமதி வேண்டும். இதை 'ஃபேகல்டி' என்பார்கள். வழங்குபவர் திருமண்டலத்தின் நீதிபதியான சான்சலர். திருச்சபை சம்மதித்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பட்டியலில் உள்ளதை மாற்ற அரசுத் தரப்பில் வாங்க வேண்டிய அனுமதியிலிருந்து தேவாலயக் கட்டடத்துக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் வளாகத்தில் நிற்கும் சிலுவை தனியாகவே பட்டியலில் இருந்தால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. அதன் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதியும் சேர்த்து வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வாங்காமல் செய்தால் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் மட்டுமல்ல, இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

விடுபட்ட பெயரைப் புதிதாகச் செதுக்குவது, சிலுவையை இடம் மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும். சுத்தம் செய்வதுகூட அப்படி ஆகிவிடலாம். நினைவு நாளுக்கு முன் நல்ல மனதோடு பிரஷர் வாஷரையும் கம்பி பிரஷையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாசியோடு கல்லின் மேல்தோலும் போகிறது, எழுத்தின் ஓரங்களும் மழுங்குகின்றன. நூறு ஆண்டு மழை செய்யாததை ஒரு மதியம் செய்துவிடும். கறுத்துப்போன கல்லில் பெயர் படிக்க முடிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பட்டியலில் வந்தால் பராமரிப்புப் பணம் தானாக வராது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்கள் இதற்குச் செலவிடலாம் என்கிறது, செலவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். அதன் பொறுப்பு போர்க் கல்லறைகள், ஊர்ச் சிலுவைகள் அல்ல. 1997-இல் தொடங்கிய வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை ஆலோசனை தருகிறது. தேவாலயப் பொறுப்பாளரிடம் பேசிவிட்டு, கல்லைத் தொடும் முன்பே அந்த அறக்கட்டளைக்குப் புகைப்படத்தோடு எழுதிக் கேளுங்கள்.