ஊகப் புனைவு: ஒரு சொல் விளக்கம்

தமிழில் நூல் மதிப்புரை எழுதுகிறவர்கள் அண்மைக்காலமாக மிகுதியாகக் கையாளும் ஒரு வகைப்பெயர் ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’. நாம் வாழும் உலகத்தின் நடப்புகளில் ஒன்றையோ பலவற்றையோ மாற்றி வைத்து, அந்த மாற்றத்திலிருந்து கதையை வளர்த்தெடுக்கும் எழுத்து அனைத்தும் இப்பெயரில் அடங்குகிறது. அறிவியல் புனைவு, மாயாஜாலக் கதை, பேய்க்கதை, வரலாறு வேறு விதமாக நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஆராயும் மாற்று வரலாறு, கெட்டழிந்த எதிர்காலத்தைக் காட்டும் கதை ஆகிய எல்லாம் இதன் கிளைகள். இச்சொல்லுக்குத் தமிழில் ‘ஊகப் புனைவு’ என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. ஆயினும் பலர் அதைத் தயக்கத்துடனேயே எழுதுகிறார்கள். ‘ஊகம்’ என்றால் வெறும் குத்துமதிப்பு அல்லவா, அது இலக்கிய வகைக்குப் பெயராகுமா என்பதே அந்தத் தயக்கம்.

மூலச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘ஸ்பெகெரெ’ என்றால் பார்த்தல். ‘ஸ்பெகுலா’ என்றால் காவற்கோபுரம். ‘ஸ்பெகுலாரி’ என்றால் உயரமான இடத்தில் நின்று உளவு பார்த்தல். எதிரி இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் தொலைவில் எழும் புழுதியைக் கண்டு அவன் வருகையைக் கணிக்க வேண்டும் என்பது காவலனின் வேலை. இந்தப் பொருளிலிருந்துதான் ஆங்கிலத்தில் முதலில் ஆழ்ந்த சிந்தனை என்ற பொருளும், பின்னர் ஆதாரம் போதாத கணிப்பு என்ற பொருளும், 18-ஆம் நூற்றாண்டில் விலையேற்றத்தை எதிர்பார்த்துச் சரக்கு வாங்கிப் போடும் வணிகம் என்ற பொருளும் கிளைத்தன. தமிழ்ச் செய்தித்தாள்கள் கடைசிப் பொருளை ‘ஊக வணிகம்’ என்று எழுதிவருகின்றன. ஆகவே இரண்டு மொழிகளிலும் இச்சொல்லின் மீது சூதாட்டத்தின் சாயல் சிறிது படிந்தே இருக்கிறது. அது தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று.

இலக்கிய வகையைக் குறிக்க இந்தத் தொடர் 1889-இலேயே ஓர் அமெரிக்க இதழில், எட்வர்ட் பெல்லமியின் எதிர்கால நாவலைக் குறித்து எழுதப்பட்டபோது வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரையறை கொடுத்து நிலைநிறுத்தியவர் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்ற பதிப்பாளர் அறிவியல் கதைகளுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, 1929-இலிருந்து ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரைப் பரப்பியிருந்தார். அந்தப் பெயரோடு இயந்திரங்களை வியந்து வருணிக்கும் கதைகளும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இயந்திரத்தைப் பற்றிய கதை வேறு, மாறிய சூழலில் மனிதர் படும் பாட்டைப் பற்றிய கதை வேறு என்று பிரித்துக் காட்ட விரும்பிய ஹைன்லைன், 1947-இல் எழுதிய கட்டுரையில் பின்னதற்கே ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’ என்ற பெயரைக் கொடுத்தார். கதையின் சூழல் ஏதேனும் ஒரு வகையில் இன்றைய நடப்பிலிருந்து மாறுபட்டிருக்க வேண்டும். அந்த மாற்றம் கதைக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும். கதையின் சிக்கல் மனிதச் சிக்கலாக இருக்க வேண்டும். நிறுவப்பட்ட உண்மை எதையும் கதை மீறக்கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகளுள் முதன்மையானவை. கடைசி நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அதன்படி மந்திரவாதியும் பறக்கும் நாகமும் வரும் கதைக்கு இந்தப் பெயரில் இடமே கிடையாது.

அந்த வேலியை அடுத்து வந்தவர்கள் பிடுங்கிவிட்டார்கள். 1960-களில் ஜூடித் மெரில் என்ற தொகுப்பாசிரியர், அறிவியலைப் பாடமாகச் சொல்லும் கதைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்ட இப்பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தினார். பின்னர் அது மெல்ல விரிந்து, நடப்பியல் அல்லாத எல்லாவற்றுக்கும் குடையாகிவிட்டது. 2000-இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய வார இதழ் தொடங்கப்பட்டபோது இந்த விரிந்த பொருளே அதற்கு அடிப்படையாக இருந்தது. அதை நிறுவிய மேரி ஆன் மோகன்ராஜ் கொழும்பில் பிறந்த தமிழ் வழியினர். 2004-இல் இவ்வகை எழுத்தை வளர்ப்பதற்கென ஓர் அறக்கட்டளையையும் அவரே தொடங்கினார். மறுபுறம், கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் இதே பெயரை மிகக் குறுகலாகப் பொருள்கொண்டார். மனிதர் ஏற்கெனவே செய்ததும் இன்றைய வசதிகளைக் கொண்டு செய்யக்கூடியதும் மட்டுமே தம் கதைகளில் வருகின்றன என்பதால் அவை ஊகப் புனைவுகள், வேற்றுக்கிரகவாசிகள் வருவது அறிவியல் புனைவு என்பது அவர் கட்சி. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 2009-இல் அட்வுட்டின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில், இந்தப் பிரிவினை ‘இலக்கியம் அல்லாதது’ என்று ஒதுக்கப்படுவதிலிருந்து தப்பிக்கும் வழி என்ற தொனியில் அதை மெல்லக் குத்திக்காட்டினார். லெ குவின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இதற்கு ஈடாக முன்வைக்கப்படும் பிற சொற்கள் ஒவ்வொன்றும் ஏதோவோர் இடத்தில் இடறுகின்றன. சுஜாதாவின் காலத்தில் வழங்கிய ‘விஞ்ஞானக் கதை’யும், அதன் பின் நிலைபெற்ற ‘அறிவியல் புனைவு’, ‘அறிபுனை’ ஆகியவையும் ஒரு கிளையின் பெயர்கள்; மரத்துக்கு அவற்றைச் சூட்டினால் பேய்க்கதை எங்கே போகும்? ‘மாய யதார்த்தம்’ என்பது இலத்தீன் அமெரிக்க எழுத்தையொட்டித் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் வேரூன்றிய தனிப் போக்கின் பெயர். மதிப்புரைகளில் புரியாத கதைக்கெல்லாம் அதை ஒட்டிவிடும் வழக்கத்தை இனியாவது கைவிடலாம். ‘மிகுபுனைவு’, ‘கனவுருப்புனைவு’ இரண்டும் ஃபேன்டஸிக்குப் பொருத்தமானவை, அங்கேயே இருக்கட்டும். வங்காளத்தில் அத்ரீஷ் பர்தன் அறிவியல் புனைவுக்கென உருவாக்கிய ‘கல்பவிஞ்ஞான்’ என்ற அழகிய சொல்லைப் பின்பற்றிக் ‘கற்பனை’ என்ற சொல்லைக் கொண்டு வரலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் தமிழில் எல்லாக் கதையும் கற்பனைதான். ‘கற்பனைக் கதை’ என்று எழுதினால் எதையும் பிரித்துச் சொன்னதாக ஆகாது.

எஞ்சுவது ஊகம். பழந்தமிழில் இவ்வடிவம் வேறொரு பொருளில் இருந்தது: தொல்காப்பிய மரபியல் ‘குரங்கும் முசுவும் ஊகமும்’ என்று குரங்கின் ஓர் இனத்துக்கு அதைப் பெயராகச் சொல்கிறது. நம் சொல்லுக்கும் அந்தக் குரங்குக்கும் உறவில்லை. நாம் பேசும் ஊகம் வடமொழி ‘ஊஹ’ என்பதிலிருந்து வந்தது. எண்ணிப் பார்த்தல், காரணங்காட்டி உய்த்தறிதல் என்பன அதன் பொருள். பேச்சில் ‘யூகம்’ என்கிறோம். எழுத்தில் ஊகம் என்பதே நேர் வடிவம். பழைய நூல்களில் யூகம் என்பது வியூகத்தின் திரிபாய்ப் படையணியையும் குறிப்பதால் இவ்வேறுபாட்டைக் காப்பது நல்லது.

இந்தச் சொல், வேதச் சடங்குகளின் விதிகளை ஆராயும் தத்துவ மரபான மீமாம்சையில் கலைச்சொல்லாக ஆளப்பட்ட விதம்தான் இங்கே மிகவும் பயன்படுகிறது. சைமினியின் மீமாம்சை நூலில் 9-ஆம் அத்தியாயத்தின் பொருளே ஊகம். ஒரு வேள்வி முன்மாதிரியாக வகுக்கப்பட்டிருக்கும். அதைப் பின்பற்றி வேறொரு வேள்வி செய்ய வேண்டியிருக்கும். முன்மாதிரியில் அவியை ஏற்கும் தெய்வம் அக்கினி. ஆகவே மந்திரம் ‘அக்கினிக்கு’ என்று சொல்கிறது. வழிவந்த வேள்வியில் தெய்வம் சூரியன். அப்போது அந்த இடத்தில் ‘சூரியனுக்கு’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாற்றமே ஊகம். மாற்றுகிறவர் மனம்போன போக்கில் மாற்றிவிட முடியாது. ஒன்றை மாற்றினால் அதனோடு சேர்ந்து எவை மாறும், எவை மாறாமல் நிற்கும் என்று ஆராய்ந்து முடிவுகட்ட வேண்டும். இன்றைய தமிழ் வழக்கு இந்தச் சடங்குப் பொருளை நேரே வாங்கிக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். எனினும், குத்துமதிப்பு என்று நாம் அலட்சியமாகக் கையாளும் சொல்லுக்குள், ஒன்றைப் பெயர்த்து மற்றவற்றை அதற்கிணங்க ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது. இந்த வகைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேவையில்லை.

எடுத்துக்காட்டுக்கு வங்காளப் பெண்ணெழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையைப் பார்க்கலாம். அது 1905-இல் முதன்முதலாக வெளியானது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மகளிர் இதழில். கதையில் பெயர்த்து வைக்கப்பட்டது ஒன்றே ஒன்று: பெண்களை உள்ளே அடைத்துவைக்கும் சேனானாவுக்குப் பதிலாக ஆண்களை அடைத்துவைக்கும் மர்தானா. அந்த ஒன்று மாறியதும் கல்வி மாறுகிறது. பெண்கள் பல்கலைக்கழகங்கள் நடத்துகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் பலூன் கொண்டு வானத்து நீரைச் சேகரிக்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டுகிறது. போர் வந்தபோது எதிரிப் படையை விரட்டுவதும் அந்த வெப்பந்தான். கதைசொல்லி தெருவில் நடக்கையில், பகல் வெளிச்சத்தில் முகம் மறைக்காமல் நடக்கிறோமே என்று கூசுகிறாள். வழியில் போகிற பெண்கள் அவள் ‘ஆண் தன்மையாக’ இருக்கிறாள் என்று கேலி செய்கிறார்கள், அதாவது வெட்கப்பட்டுக் கூனிக்குறுகுகிறாள் என்று! ஓர் இடத்தில் கைவைத்த மாற்றம் வசைச்சொல் வரை இறங்கிவிட்டது. ஊகம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. இக்கதையை அறிவியல் புனைவு என்று மட்டும் குறித்தால் பலூன் கண்ணில் படும், கேலி படாது.

ஊகம் எழுதுகிறவருடைய வேலை மட்டுமன்று. ஹைன்லைனின் 1942-ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் ‘கதவு விரிந்தது’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது; கண்மணிப் பாவை விரிவதைக் குறிக்கும் வினையைக் கதவுக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கதவு எப்படிச் செய்யப்பட்டது, ஏன் வட்டமாகத் திறக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. பாத்திரங்களுக்கு அது பழகிய கதவு. நமக்கு அந்த ஒரு வினைச்சொல்லிலிருந்து ஓர் உலகத்தையே கட்டிக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்கிறது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் இறுதியானது ‘உய்த்துணர வைப்பு’. வெளிப்படையாகச் சொல்லாமல், சொன்னதைக் கொண்டு அறியுமாறு விட்டுவைத்தல் என்பது அதன் கருத்து. இவ்வகை நூல்களைப் பழகிப் படிக்கிறவர்கள் முதல் சில அத்தியாயங்களில் புரியாத பெயர்களைக் கண்டு அகராதியைத் தேடி ஓடுவதில்லை. பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்கிறார்கள். நூறு பக்கம் கழிந்தும் அந்தக் கோடுகள் விளங்காமலே நின்றால் பழி ஆசிரியரைச் சேரும். பத்தாம் பக்கத்திலேயே ஒரு பேராசிரியர் பாத்திரம் வந்து எல்லாவற்றையும் சொற்பொழிவாற்றி விளக்கினாலும் பழி ஆசிரியரைத்தான் சேரும். மதிப்புரையில் கதைச்சுருக்கம் எழுதுகிறவர்கள் பலர் அந்தப் பேராசிரியரின் வேலையைத் தாங்கள் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் பகுதியான ‘புனைவு’ சிக்கலற்றது. புனைதல் என்றால் தொடுத்தல், அலங்கரித்தல், தீட்டுதல். வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்கிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் களிமண்ணைப் பிசைந்து உருவாக்குதல் என்ற பொருள் உண்டு.

நடப்பியல் அல்லாத கதைக்குத் தமிழில் முன்பு பெயரே இருந்ததில்லை என்றும் எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கையில் ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்றைச் சொல்கிறது. அதற்குப் பழைய உரையாசிரியரான பேராசிரியர் தரும் எடுத்துக்காட்டு, ஒரு யானையும் குருவியும் நட்புக்கொண்டு சென்றதாகச் சொல்லப்படும் கதை. மணிமேகலையில் அறிவு பெறும் வழிகளை விளக்கும் அளவைவாதி, முயற்கொம்பு போல் சொல் அளவிலேயே கருத்தில் தோன்றுவதை ‘இல்வழக்கு’ என்கிறான். இரண்டுமே நுட்பமான பெயர்கள். ஆனால் ஒன்று பொய் என்கிறது, மற்றொன்று இல்லை என்கிறது. இரண்டும் உண்மையோடு வைத்து அளந்து நிறுத்திவிடுகின்றன. முயலுக்குக் கொம்பு இருந்தால் வேட்டைக்காரன் என்ன செய்வான், காட்டில் முயலைக் கண்டு யார் ஒதுங்கிப் போவார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு ஊகம் என்ற சொல்தான் இடம் கொடுக்கிறது.

எழுதும்போது ‘ஊகப் புனைவு’ என்று வல்லினம் மிகுத்து எழுத வேண்டும். தனிக் கதையைக் குறிக்கையில் ‘ஊகப் புனைகதை’ எனலாம். ‘ஊக இலக்கியம்’ என்ற சுருக்கம் வேண்டாம். இலக்கியமா என்பதே ஐயத்துக்குரியது என்று படிக்க இடமாகிவிடும். மதிப்புரையில் இது குடைச்சொல்லாக மட்டும் நிற்பது நல்லது: நூல் அறிவியல் புனைவா, மாற்று வரலாறா, மிகுபுனைவா என்று தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கிளைப்பெயரையே எழுதிவிடலாம், ஒரே நூலில் இரண்டு மூன்று கிளைகள் பின்னிக் கிடக்கையில், அல்லது பல்வகைக் கதைகள் கொண்ட தொகுப்பைப் பற்றிப் பேசுகையில், ஊகப் புனைவு என்று எழுதலாம்.