கேத்தலுக்குள் போன சூடு எங்கே?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாளாம். "அடுப்பு ஊதும்போது நெருப்புப் பொறி கையில் விழுந்தால் சுள்ளென்கிறது, அவ்வளவுதான். தேத்தண்ணி கொட்டினால் கொப்புளமே போட்டுவிடுகிறது. பொறிதானே கூடச் சூடு?"

பொறிக்குத்தான் வெப்பநிலை கூட. ஆனால் கைக்குக் கூடுதல் வெப்பம் கொடுப்பது தேத்தண்ணி. வரைவிலக்கணங்களை அவள் மனப்பாடம் செய்திருப்பாள். மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு துடிப்பாக அசைகின்றன என்பதைக் காட்டுவது வெப்பநிலை. வெப்பநிலை கூடியதிலிருந்து குறைந்ததற்குப் பாயும் சக்தி வெப்பம். நாமோ இரண்டையும் 'சூடு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். (போதாக்குறைக்கு மாம்பழமும் சூடு, வெந்தயம் குளிர்ச்சி. அந்தச் சூட்டைக் காட்டுகிற வெப்பமானியை நான் இன்னும் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்கு மாம்பழம் கிடைக்காது.)

பொறி என்பது ஒரு மில்லிகிராம் கரித்துணுக்கு, 800 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆறுவதற்குள் அது கையில் விட்டுப்போவது ஒரு யூல் அளவுதான் (யூல் என்பது சக்தியை அளக்கும் அலகு). ஒரு தேக்கரண்டித் தேத்தண்ணி, அதாவது 5 கிராம், 90 பாகையிலிருந்து உடம்புச் சூட்டுக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,100 யூல் கொடுக்கும். கொப்புளத்தின் கணக்கு முடிந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் அந்தத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிற கேத்தலில் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். மேலே காற்று குறைவு, அமுக்கமும் குறைவு. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94-ஐ ஒட்டியே கொதித்துவிடும். கொதி வந்தபிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் வெப்பநிலை அங்கேயே நிற்கும். தளபுளவென்று பொங்கும், ஆவி பறக்கும், 95 ஆகாது. பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று எங்கள் அம்மா அடுப்பைத் திணறத் திணற எரித்ததெல்லாம் விறகுக்குத்தான் நட்டம். பருப்பு பார்ப்பது வெப்பநிலையை. மூடியை அழுத்திப் பூட்டி அமுக்கத்தைக் கூட்டுகிற பிரஷர் குக்கர் வந்தபிறகுதான் அது வழிக்கு வந்தது.

சரி, அந்த விறகின் சூடெல்லாம் எங்கே போயிற்று?

இதே கேள்வியை 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் கேட்டார். ஸ்கொட்லாந்துக் கல்வியில் வளர்ந்தவர். கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். நம் கேத்தலுக்கு அந்த ஊரோடு இரட்டை உறவு. ஒரே சீரான நெருப்பில் தண்ணீரை வைத்தார் பிளாக். கொதி வர எவ்வளவு நேரம், முழுதும் வற்ற எவ்வளவு நேரம் என்று பார்த்தார். வற்றுவதற்கு ஐந்து மடங்கு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் நெருப்பு எரிகிறது, வெப்பமானி அசையவில்லை. வெப்பம் ஒளிந்துகொண்டது என்று கண்டு அதற்கு மறைவெப்பம் என்று பெயர் வைத்தார்.

இன்றைய அளவுகளின்படி, 18 பாகையில் இருக்கும் ஒரு கிலோ பீலித் தண்ணீரை நுவரெலியாவில் கொதிக்க வைக்க 320 கிலோயூல் போதும். அதை முழுக்க ஆவியாக்க 2,270 வேண்டும். ஏழு மடங்கு! தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை. கொதி வந்தபிறகு உள்ளே வரும் சக்தி அவற்றை வேகமாக ஓடவைப்பதில் செலவாவதில்லை, அந்தப் பிடியைப் பிய்ப்பதில் செலவாகிறது. பிய்த்துக்கொண்ட மூலக்கூறு அந்தச் செலவையும் மடியில் கட்டிக்கொண்டு ஆவியாய்ப் பறக்கிறது. மிஞ்சியவை பழைய வேகத்திலேயே இருக்கின்றன. வேகம் மாறாதபோது வெப்பமானி எப்படி ஏறும்? அந்த ஆவி கையில் பட்டுத் தண்ணீராகும்போது மடியை அவிழ்த்து மொத்தத்தையும் கொட்டும். கேத்தல் மூக்குக்கு நேரே கையை நீட்டியவர்களுக்குத் தெரியும்.

பிளாக்கின் சோதனைக்கு மணிக்கூடும் அடுப்பும் போதும். நான் படித்த தோட்டப் பாடசாலையில் இருந்தது ஒரேயொரு வெப்பமானி. உடைந்துவிடும் என்று அதையும் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாய் ஒதுக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், தோட்டப் பிள்ளை கையில் தொட்டுப் பார்க்க முதலில் பத்து வெப்பமானி வாங்கித் தரட்டும்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையைக் காய்ச்சி உலர்த்துவதும் இதே கதைதான். உலர்த்தும் இயந்திரத்துக்குள் 90, 100 பாகைக் காற்று போகிறது. வெளியே வரும்போது 50-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஈரம் இருக்கும்வரை தூள் கருகாது, வரும் வெப்பத்தையெல்லாம் ஈரமே வாங்கிக்கொண்டு ஆவியாகிவிடும். ஈரம் 3 வீதம் அளவுக்கு வந்தபிறகும் உள்ளே விட்டுவைத்தால்தான் தூளின் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறித் தீய்ந்த வாசம் அடிக்கும்.

அப்புறம், மலையில் கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டுமென்றில்லை, ஈரத் துணியும் காற்றும் போதும். சாரலில் நனைந்த துணியிலிருந்து 100 கிராம் தண்ணீர், அரைத் தம்ளர்தான், உலர ஏறத்தாழ 240 கிலோயூல் வேண்டும். அத்தனையும் உடம்பிலிருந்தே போனால், 50 கிலோ எடையுள்ள ஒருத்தியின் உடம்பை ஒரு பாகைக்கு மேல் குளிரவைக்க அது போதும். உடம்பு விடுவதில்லை, நடுங்கி நடுங்கி அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்குகிறது. நனைந்தவளுக்கும் நனையாதவளுக்கும் அதே மலை, அதே 16 பாகைதான். பத்து மணித் தேத்தண்ணி வரும்போது கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பவள் யாரென்று பாருங்கள்.