ஹூக் என்றால் கொக்கி: ஒரு சொல் விளக்கம்

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்த தளத்தைத் தன் தேவைக்கு மாற்ற, அதன் நிரல்மொழியான பிஎச்பியில் எழுத உட்காரும் யாருக்கும் ஆரம்பத்திலேயே எதிர்ப்படும் சொல் ‘ஹூக்’. நாகர்கோவிலில் தளம் அமைத்துத் தரும் பிள்ளைகளும் ‘அந்த ஹூக்குல போடு’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஹூக் என்பது நாம் எழுதும் நிரலா, அது போய்ச் சேரும் இடமா என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள்.

அது இடம். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தை உருவாக்கும்போது பல வேலைகளை வரிசையாகச் செய்துகொண்டு போகிறது. நடுநடுவே நின்று, ‘இங்கே யாராவது எதையாவது மாட்டியிருக்கிறீர்களா?’ என்று பார்க்கிறது. மாட்டியிருந்தால் அந்த நிரலை ஓட்டிவிட்டு மேலே போகும். இல்லையென்றால் அப்படியே கடந்துவிடும். நின்று பார்க்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ‘டபிள்யூபி_ஹெட்’ பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது, ‘டபிள்யூபி_ஃபுட்டர்’ அடியில். பதிவின் உள்ளடக்கம் திரைக்குப் போகும் தறுவாயில் ‘தி_கன்டென்ட்’.

மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தெடுத்த வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது. 2004-இல் வந்த 1.2 பதிப்பில்தான் செருகுநிரல் (பிளகின், கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் தனி நிரல்) வசதி சேர்ந்தது. செருகுநிரல் வேலை செய்வதே ஹூக்கின் பலத்தில். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான துருபலிலும் இதே சொல்தான். ஈமேக்ஸ் போன்ற பழைய எடிட்டர்களிலும் இது உண்டு, ஆக வேர்ட்பிரஸ்காரர்கள் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை.

தமிழில் இதற்குக் ‘கொக்கி’ என்பதே சரி. கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெமு என்று அக்கம்பக்கத்திலும் உறவுள்ள சொல். வளைந்த முனைக்கு எங்கள் குமரி மாவட்டத்தில் வேறு சொற்களும் இருக்கின்றன. மாங்காய் பறிக்கத் தோட்டி. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் தூண்டில். மலையாளம் கலந்த பேச்சில் கொளுத்து. தூண்டில் இங்கே ஒத்துவராது, அது தேடிப் போய்ப் பிடிக்கிற பொருள். போதாததற்குத் ‘தூண்டு’ என்ற வேரைத் தரவுத்தளக்காரர்கள் ‘டிரிக்கர்’ (தரவு மாறியதும் தானாக ஓடும் நிரல்) என்பதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். கொளுத்து என்றால் மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டியதும் நெருப்பு வைப்பது என்றுதான் புரிந்துகொள்வார்கள். சுவரில் அடித்த கொக்கியோ அசையாமல் இருக்கும், நாம்தான் போய்ச் சட்டையை மாட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் ஹூக்கும் அதேதான்.

இந்தச் சொல்லை எடுத்தால் வினைச்சொற்களும் கூடவே கிடைக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ‘ஆட்_ஆக்‌ஷன்’ என்றால் மாட்டு, ‘ரிமூவ்_ஆக்‌ஷன்’ என்றால் கழற்று. இனி யாருக்கும் தனியாக விளக்க வேண்டாம்.

கொக்கியில் இரண்டு வகை. ஆக்‌ஷன் வகையில் மாட்டிய நிரல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். ‘செயல் கொக்கி’ எனலாம். ஃபில்டர் வகைதான் சிக்கல். இதை ‘வடிகட்டி’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. வடிகட்டி எதையாவது நீக்கும். இங்கே நம் கையில் ஒன்று தரப்படுகிறது. அதில் சேர்க்கலாம், குறைக்கலாம், மாற்றலாம், பிறகு கட்டாயம் திருப்பித் தர வேண்டும். ஆகவே ‘திருத்தக் கொக்கி’ என்பேன்.

தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓணம் சமயத்தில் பூ கேரளத்துக்குப் போகும், விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று. ஒவ்வொரு பதிவின் அடியிலும் ‘விலை அன்றாடம் மாறும், அழைத்துக் கேட்கவும்’ என்று ஒரு வரி வர வேண்டும். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் கோப்பைத் திறந்து நேராக எழுதிவிட்டால் அன்றைக்கு வேலை முடியும். தீம் புதுப்பிக்கப்படும் நாளில் வரி காணாமல் போகும். அப்புறம் வியாபாரிக்கும் தளம் செய்தவருக்கும் சண்டை. இப்படி இங்கே எத்தனையோ தளங்கள் கெட்டிருக்கின்றன, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ‘பூவிலை_குறிப்பு’ என்று ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) எழுதி (தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும்), வந்த உள்ளடக்கத்தின் கடைசியில் அந்த வரியை ஒட்டி, ‘ரிட்டர்ன்’ கொடுத்துத் திருப்பி அனுப்பி, ‘தி_கன்டென்ட்’ கொக்கியில் மாட்டினால் போதும். நிரலைச் சைல்ட் தீமிலோ (மூல தீமைத் தொடாமல் அதன்மேல் வைக்கும் துணை தீம்) சின்னதாக ஒரு செருகுநிரலிலோ வையுங்கள், புதுப்பித்தல் அதைத் தொடாது. ‘ரிட்டர்ன்’ விட்டுப்போனால் பதிவு வெறுமையாகத் தெரியும். திருத்தக் கொக்கியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஒரே கொக்கியில் பலவற்றை மாட்டலாம். எது முந்தி ஓடும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10. எண் சிறியதானால் முந்தி ஓடும், ஒரே எண்ணானால் முதலில் மாட்டியது முதலில். கழற்றும்போதும் மாட்டிய அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். 20 என்று மாட்டியதை எண் குறிப்பிடாமல் கழற்றப் பார்த்தால் அது கழலாது, பிழைச் செய்தியும் வராது.